கூரைமேல் சக்கரம்

“இந்தத் தண்ணிய யாரு சுட வெக்கிறாங்க?”

ஆறு வயதில் அனெலி கேட்டது. வெந்நீர் ஊற்றின் மரப்படியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேலே பாலைவனத்து ஜூலைக் குளிர்; இந்த நாட்டில் ஜூலைதான் குளிர்காலம். காலைச் சுற்றி, யாரோ அவளுக்கென்றே விளாவி வைத்தது போன்ற இதமான சூடு.

அம்மா ஹில்டா, “ஆண்டவர்தான், வேற யாரு” என்றாள். டெஸ் அங்கிள், “நான்தான். நீங்க எல்லாரும் தூங்கினப்புறம் எந்திரிச்சு விறகு போடறேன். உங்கப்பன் ஒரு நாளாவது உதவிக்கு வந்திருக்கானா கேளு” என்றார். ஹேரால்ட் அங்கிள் பூமிக்கு அடியில் பாறைகள் எப்படிச் சூடாக இருக்கின்றன என்று விளக்கத் தொடங்கி, யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். “தெரியலம்மா. யாரும் பாத்ததில்ல. ஆனா நாம வரும்போதெல்லாம் சூடாத்தான் இருக்கு, இல்ல?”

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் அப்பாவும் அந்த இரண்டு நண்பர்களும் இந்தத் தேசியப் பூங்காவுக்கு வந்தபோதெல்லாம், தண்ணீரில் இறங்கும் முன் யாராவது ஒருவர் விறகைப் பற்றிக் கேட்பது வழக்கமாகிவிட்டது.

“விறகு போட்டாச்சாடா டெஸ்?” என்று பல வருடங்கள் கழித்து இந்த ஜூலையிலும் அப்பா கேட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு தேவைப்பட்டது.

அப்பாவை உட்காரவைத்துச் சுமந்த கான்வாஸ் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்திருந்த டெஸ்ஸுக்கும் மூச்சு வாங்கியது. “உனக்கு விறகு போட்டுப் போட்டே என் இடுப்பு போச்சு. கொஞ்சம் எடையக் குறைச்சுக்கிட்டு வந்திருக்கலாம்ல?”

“இதுக்கு மேல குறைச்சா சவப்பெட்டிக்குள்ள உருண்டுக்கிட்டே போவேன்.”

“வாய மூடுங்கடா ரெண்டு பேரும். படி வழுக்குது” என்றார் ஹேரால்ட்.

அனெலி காலால் அடுத்த படியைத் தேடினாள். நாற்காலியின் பெரும்பாரம் அவள் பக்கம்தான் இருந்தது. டெஸ்ஸுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஹேரால்டுக்கு இடுப்பு எலும்பை மாற்றிய பிறகு, வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர்களை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து இங்குவரை, தார் ரோடு முடிந்த இடத்தில் டயர்களில் காற்றைக் குறைத்து, சலவைப்பலகை போல வரிவரியாகக் கிடந்த மண் ரோட்டில் அவளேதான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். கண்ணை மூடினால் இன்னும் ரோடு அதிர்ந்தது.

நாற்காலி தண்ணீருக்குள் இறங்கியது. அப்பாவின் கால்கள் மிதந்தன, பிறகு இடுப்பு. தண்ணீர் அவருடைய எடையை வாங்கிக்கொண்டது. அவள் ஒரு கையை மட்டும் அவர் பிடரிக்குக் கீழே வைத்தாள். அது போதுமானதாக இருந்தது. பல மாதங்களாக அவரைத் தூக்கி, திருப்பி, உட்கார வைத்த கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சின்ன மீன்கள் வந்து அவருடைய பாதங்களைக் கொத்தின. அப்பா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

“வந்து சேந்துட்டோம்” என்றார்.

“சேந்துட்டோம்பா.”

“குர்ட் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல.”

அண்ணன் குர்ட் சொன்னது நிறைய. இந்த நிலைமையில் அவரை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போவது பைத்தியக்காரத்தனம் என்றான். வழியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டான். “நான்தான்” என்று அனெலி சொன்னாள். அம்மாவும் இல்லாமல் போன பிறகு, வேறு யாரும் அந்த இடத்துக்கு வரிசையில் நிற்கவில்லை.

கரைக்கு அப்பால், முகாம் பக்கம், ஒரு வண்டியின் சத்தம் கேட்டது. அப்பா கண்ணைத் திறந்தார்.

“அனெலி. யாரோ வராங்க. போய்ப் பாத்துட்டு வாயேன்.”

“இப்பத்தானே இறங்கினோம்பா.”

“ஆரம்பிச்சுட்டான்” என்றார் டெஸ்.

“சக்கரத்த மட்டும் பாத்துட்டு வா. ரெண்டு நிமிஷம்.”

அவள் ஹேரால்டிடம் அப்பாவின் தலையை ஒப்படைத்துவிட்டு, ஈரத்தோடு துண்டைப் போர்த்திக்கொண்டு நடந்தாள். வெள்ளை நிறத்தில் பெரிய புது வண்டி, பின்னால் கேரவன். இறங்கி நின்ற பெண்மணியிடம், “உங்க சக்கரத்த ஒரு தடவ பாத்துக்கட்டுமா?” என்று கேட்டாள். அந்தப் பெண்மணி கணவரைப் பார்த்தாள். அனெலி குனிந்து கையை விரித்து, ஒரு போல்ட்டில் கட்டைவிரலை வைத்து எதிர் போல்ட்டுவரை அளந்தாள். சுண்டுவிரல் எட்டிய இடத்துக்கும் போல்ட்டுக்கும் இடையில் வெற்றிடம் இருந்தது. அவள் தேடும் சக்கரத்தில் சுண்டுவிரல் சரியாகப் போய் உட்காரும். எத்தனையோ வருடங்களாக அவள் கை அந்த அளவை அறியும்.

“புது வண்டிப்பா” என்று திரும்பி வந்து சொன்னாள்.

“ம்” என்றார் அப்பா.

அவர்களுடைய வண்டியின் கூரையில் கயிற்றால் கட்டியிருந்த அந்தச் சக்கரம், அவர்களுடைய வண்டிக்கே பொருந்தாது.

அனெலிக்கு ஆறு வயதான அதே பயணத்தில் வந்து சேர்ந்த சக்கரம் அது. ஊருக்குத் திரும்பும் வழியில், அப்பாவின் பழைய பச்சை ஜீப்பில் ஒரு டயர் வெடித்தது. ஸ்டெப்னியை மாட்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் இன்னொன்றும் கிழிந்தது. அந்த ரோட்டில் வண்டியை விட்டு நடந்து போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். யாராவது வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். டெஸ்ஸும் ஹேரால்டும் அந்த வருடம் ஒரு நாள் முன்பே திரும்பிவிட்டிருந்தார்கள்; குர்ட்டும் அவர்களோடு போயிருந்தான். அம்மா கடைசி ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்தாள். ராத்திரி மூன்று பேரும் ஜீப்புக்குள்ளேயே தூங்கிவிட்டார்கள்.

காலையில் பார்த்தால், முன் பம்பரில் சாய்த்து வைத்தபடி ஒரு சக்கரம் இருந்தது. முழுக் காற்றோடு, அதே வகை ஜீப்பின் சக்கரம். யாரும் இல்லை. மண்ணில் ஒரு வண்டி வந்து போன தடம் மட்டும் இருந்தது. வைத்தவர் அவர்களை எழுப்பக்கூட இல்லை.

அப்பா வழியெல்லாம் விசாரித்தார். பெட்ரோல் போடும் இடத்தில் கேட்டார், தபால் கொண்டுவரும் லாரிக்காரரிடம் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் அந்தச் சக்கரத்துக்குப் புது டயர் போட்டு, இரண்டாவது ஸ்டெப்னியாகக் கூடவே கொண்டுவந்தார். அன்று ஊர் வந்து சேர்ந்ததற்குப் பிறகு தன் வண்டிக்கு அதை ஒருபோதும் பயன்படுத்தவில்லை. ஒருமுறை இரண்டு டயரும் போய், டெஸ் அந்தச் சக்கரத்தைக் காட்டியபோது, “அது நம்மளோடது இல்லடா” என்று சொல்லிவிட்டு வெயிலில் உட்கார்ந்து பழைய ட்யூபுக்கு ஒட்டுப் போட்டார்.

ஒரே ஒரு தடவை அதைக் கொடுத்தார். வழியில் தவித்து நின்ற ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவருக்கு. அன்று இரவு அப்பா பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தார். அடுத்த மாதம் அந்த மனிதர் எங்கெங்கோ விசாரித்து யூடுண்டா என்ற ஊரிலிருந்த அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கழுவித் துடைத்த சக்கரம் ஒரு கையில், ஆட்டுத்தொடை ஒன்று மறு கையில்.

“நல்ல மனுஷன். அதான் கஷ்டமே” என்றார் அப்பா. “நம்ம முகத்தப் பாத்துட்டா திருப்பிக் குடுத்துடறாங்க. பாக்காம வெக்கணும்.”

அதற்குப் பிறகு சரியான வண்டி சரியான நேரத்தில் அகப்படவே இல்லை. பழைய ஜீப்புகள் ரோட்டிலிருந்து குறைந்துகொண்டே வந்தன. அப்பாவின் ஜீப்பும் போனது. சக்கரம் மட்டும் கூடவே வந்தது. டயரை மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. ரிம் அதே ரிம்.

சபையில் மூப்பராக இருந்த ஹேரால்டுக்கு இதில் வருத்தம் உண்டு. “எர்வின், இலவசமா வந்தத இலவசமா வாங்கிக்கத் தெரியணும். கிருபைக்குக் கடன் கெடையாது. எத்தன பிரசங்கம் கேட்டிருக்கோம்.”

“தெரியும்டா. பெரிய கணக்கெல்லாம் ஆண்டவர் தீத்துட்டாரு” என்பார் அப்பா. “ஆனா இது டயர்.”

இந்தப் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது ஆக்சிஜன் இயந்திரத்துக்கும் மடக்கு நாற்காலிக்கும் இடம் தேடி அனெலி திண்டாடினாள். சக்கரத்தை இந்த முறை விட்டுவிடலாமா என்று கேட்டாள். அப்பா கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியே கார் ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. “அதக் குடுக்காம வெச்சுக்கிட்டு நான் எப்படிம்மா போவேன்” என்று மட்டும் சொன்னார். எங்கே போவதைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. வண்டியின் பின் ஏணியில் ஏறி, தனியாகவே அதைக் கூரையில் கட்டினாள்.

மத்தியானம் வெயில் இதமாக இருந்தது. தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே அப்பா மடக்குக் கட்டிலில் கிடந்தார். நண்பர்கள் இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சீட்டாடினார்கள். டெஸ்ஸுக்குச் சீட்டு கண்ணுக்குத் தெரியாததால், ஹேரால்ட் அவருக்கு வந்த சீட்டைப் படித்துச் சொல்லிவிட்டு, பிறகு அவருக்கு எதிராக விளையாடினார்.

“இது நியாயமாடா?” என்றார் அப்பா.

“அவன் சபை மூப்பர். பொய் சொல்ல மாட்டான்” என்றார் டெஸ். “நாங்க கத்தோலிக்கருங்க. நாங்கதான் எல்லாரையும் நம்பறவங்க.”

சாயங்காலம் ஆக ஆக அப்பாவின் மூச்சு கனத்தது. சூப் உள்ளே இறங்காமல் மார்பெல்லாம் வழிந்தது. அனெலி அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, மறுபடி விரிப்பு ஈரமாகி, மறுபடி மாற்றி, துணிகளை அலசிக் கயிற்றில் போட்டாள். கடைசித் துணியைப் பிழியும்போது விரல்கள் மடங்கவில்லை. நாற்காலியில் வந்து விழுந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இருமிக்கொண்டே வருவது போன்ற பழைய என்ஜின்.

அப்பாவின் கை கட்டிலின் விளிம்பைத் தேடியது. “கேக்குதா?”

“கேக்குது” என்றார் டெஸ். “ஜீப்புதான். நம்ம காலத்து ஜீப்பு.”

அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். முகாமின் கடைசியில், சதுர மூக்குள்ள ஒரு பழைய ஜீப் நின்றது. ஒரு பையனும் பெண்ணும், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், கூடாரத்தைப் பிரித்து எந்தக் கம்பி எதற்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அனெலி, போய் ஸ்டெப்னி இருக்கான்னு பாரு. இல்லாமத்தான் வந்திருப்பாங்க. சின்னப் பசங்க.”

அவள் எழ முயன்றாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அது முடியாமையா, விருப்பமின்மையா என்று பின்னால் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

“நாளைக்குக் காலைல மொத வேலையா பாக்கறேன்பா.”

அப்பா கட்டிலின் விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு, “சரிம்மா. நீ தூங்கு. ரொம்பக் களைச்சுப் போயிருக்கே” என்றார். சிறிது கழித்து, “அவங்க பாக்காம வெக்கணும், தெரியுமில்ல?” என்றார்.

“தெரியும்பா.”

அதன்பிறகு அவர் பேசவில்லை.

விடியும் நேரத்தில் அவர் மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. அதுதான் அவளை எழுப்பியது. பக்கத்துக் கட்டிலிலிருந்து கையை நீட்டி அவர் கையைத் தொட்டாள். உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. விரல்நுனிகளில் இல்லை. எழுந்து உட்கார்ந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். ஊற்றின் மேல் ஆவி எழுந்து, நாணல்களுக்குள் கலைந்து போய்க்கொண்டிருந்தது.

முகாமின் கடைசியில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அந்த என்ஜின். இருமியது, நின்றது, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது.

ஓடினால் எட்டிவிடலாம். கையை அசைத்து நிறுத்தச் சொல்லலாம். அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள். விட்டால் அது ஆறிவிடும். அவள் எழவில்லை. ஜீப் முகாமைச் சுற்றிக்கொண்டு, தெற்கே போகும் ரோட்டில் ஏறி, சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு போய் ஹேரால்டை எழுப்பினாள்.

ஹேரால்ட் சட்டைக் காலரை மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு வந்தார். பையிலிருந்து சபைக்குக் கட்டும் கறுப்பு டையை எடுத்துக் கட்டினார். வெந்நீர் ஊற்றுக்கு வரும் பயணத்தில் டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கட்டிலருகே மண்டியிட முடியாததால் நின்றபடியே ஒரு சங்கீதம் வாசித்தார். நடுவில் வரி தவறியது. விரலை வைத்துத் தேடி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

டெஸ் அடுப்பு மூட்டித் தேநீர் போட்டார். தடவித் தடவி நான்கு குவளைகளில் ஊற்றினார். ஊற்றி முடித்த பிறகுதான் தெரிந்தது. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அனெலி அதை வாங்கி, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் எப்போதும் வைக்கும் பெட்டியின் மேல் வைத்தாள். அதிலிருந்து ஆவி எழுவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒரு வாளி எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். சுட வைக்க வேண்டியிருக்கவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து அப்பாவின் முகத்தையும் கழுத்தையும், மீன் கொத்திய பாதங்களையும் துடைத்தாள்.

பூங்காக் காவலர் டார்லா வந்தாள். இந்த ஊற்றைச் சுற்றிய நிலம் அவளுடைய தாய்வழிப் பூர்வகுடியினருடையது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றாள். பிறகு தண்ணீரின் பக்கம் திரும்பித் தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னாள்.

“இந்தத் தாத்தாவ எனக்குத் தெரியும்” என்றாள் அனெலியிடம். “வருஷா வருஷம் வந்து, எந்த வண்டியாவது பஞ்சராகி நிக்குதான்னு கேப்பாரு. இல்லன்னு சொன்னா மூஞ்சி தொங்கிப் போயிடும். மொதல்ல கொஞ்சம் கிறுக்கோன்னு நெனச்சேன்.”

“கிறுக்குத்தான்” என்றார் டெஸ்.

டார்லா செயற்கைக்கோள் போனில் பேசினாள். போலீஸ் விமானம் மத்தியானத்துக்குள் வந்துவிடும், அதுவரை அவரை அசைக்க வேண்டாம் என்றாள். அனெலி அந்தப் போனிலேயே குர்ட்டைக் கூப்பிட்டாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். “தண்ணில எறங்கினாராடி?” என்று மட்டும் கேட்டான். எறங்கினார் என்றாள். 

காத்திருந்த நேரம் முழுவதும் டெஸ் கட்டிலருகே உட்கார்ந்து தொப்பியால் ஈ ஓட்டினார். கை மாற்றிக்கொள்வதாக ஹேரால்ட் சொல்லியும் கொடுக்கவில்லை. கேரவன்காரப் பெண்மணி ஒரு தட்டு நிறைய ரொட்டிகளைத் துணியால் மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொடியில் காய்ந்திருந்த அப்பாவின் சட்டைகளை எடுத்து மடித்து அடுக்கிவிட்டுப் போனாள். குளிக்க வந்த குழந்தைகளை யாரோ சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

விமானத்தில் வந்த இளம் கான்ஸ்டபிள் எல்லாவற்றையும் மெதுவான குரலில் கேட்டு எழுதிக்கொண்டான். “ஒருத்தர் அவரோட வரலாம். ஒரு எடம்தான் இருக்கு” என்றான்.

எல்லோரும் அனெலியைப் பார்த்தார்கள். அவள் வண்டியைப் பார்த்தாள். பிறகு அந்த இரண்டு கிழவர்களை.

“நான் போனா வண்டிய யாரு ஓட்டறது?”

“நான் ஓட்டறேன்” என்றார் டெஸ். “ரோடு எங்க இருக்குன்னு மட்டும் யாராவது சொல்லுங்க.”

அன்று முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அது வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஹேரால்ட் அங்கிள், நீங்க அப்பாகூடப் போங்க. நீங்கதான் டை கட்டியிருக்கீங்க.”

ஹேரால்ட் அவள் தலையில் கை வைத்தார். “அவனத் தனியா விட மாட்டேம்மா” என்றார்.

விமானம் சிவப்புத் தூசியைக் கிளப்பிக்கொண்டு ஏறிப் போன பிறகு, அவளும் டெஸ்ஸும் பந்தலைப் பிரித்தார்கள். இரண்டு பேர் ஒரு கட்டிலை மடிப்பது எவ்வளவு சுலபம் என்று இருந்தது.

ரோடு வந்தபோது இருந்ததைவிட மோசமாக இருந்தது. ஒவ்வொரு வரிப்பள்ளத்திலும் கூரைமேல் சக்கரம் தொம் தொம்மென்று இடித்தது. வரும்போதும் இதே சத்தம்தான். அப்போது அப்பா பின்சீட்டில் இருந்தார்.

“கத்துது பாரு” என்றார் டெஸ். “அவனே உக்காந்து நச்சரிக்கிற மாதிரியே இருக்கு.”

அவள் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள்.

“நேத்து நான் போய்ப் பாத்திருக்கணும் அங்கிள். கூப்பிடு தூரம். அவரு கேட்ட கடைசி வேல அது.”

டெஸ் தொப்பியை மடியில் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். “எனக்குக் கண்ணுதான் தெரியாது அனெலி. காது கேக்கும். நேத்து நீ எத்தன தடவ எழுந்தே, எத்தன தடவ துணி அலசினேன்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அவனும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்.” கொஞ்சம் நிறுத்தி, “அதனாலதான் தூங்குன்னு சொன்னான்” என்றார்.

அவள் கியரை மாற்றினாள். சக்கரம் இடித்தது.

இருட்டும் முன் ஒரு வறண்ட ஓடையருகே வண்டியை நிறுத்தி, கேரவன்காரியின் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கினார்கள். கனவுகூட இல்லாத தூக்கம். வெளுக்கத் தொடங்கும்போது விழித்தாள். டெஸ் தொப்பியை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து குறட்டை விட்டார். அவரை எழுப்பாமல் வண்டியைக் கிளப்பினாள்.

ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் அது கண்ணில் பட்டது. ரோட்டோரத்தில், ஒரு பக்கம் சாய்ந்தாற்போல, சதுர மூக்குள்ள அந்தப் பழைய ஜீப்.

அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். என்ஜினை அணைத்தாள். இறக்கத்தில் வண்டி தானாகவே உருண்டு, ஜீப்புக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. டெஸ்ஸின் குறட்டை நிற்கவில்லை. கதவைத் திறந்து, சாத்தாமல் இறங்கினாள்.

ஜீப்பின் கண்ணாடிகள் உள்ளே மூச்சுபட்டு மங்கியிருந்தன. ஒரு மூலையில் துடைத்த தடம் வழியே பார்த்தாள். அந்தப் பெண் பையனின் தோளில் தலை வைத்து, ஒரே கம்பளிக்குள், இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் கன்னத்தில் அழுது காய்ந்த கோடு இருந்தது. கம்பளி ஏறி இறங்கியது. காலடியில் தண்ணீர்க் கேன் பாதிக்கு மேல் இருந்தது. வெளியே, பின்பக்கம், ஸ்டெப்னியை மாட்டிவிட்டுக் கழற்றிப் போட்ட கிழிந்த டயர் ஒன்று கிடந்தது. முன் சக்கரமும் ரிம்மோடு தரையில் உட்கார்ந்திருந்தது. ஜாக்கியும் ஸ்பானரும் எடுத்து வைத்தபடியே கிடந்தன. மாட்டத்தான் ஒன்றும் இல்லை.

அனெலி குனிந்து கையை விரித்தாள். ஒரு போல்ட்டில் கட்டைவிரல். எதிர் போல்ட்டில் சுண்டுவிரல் சரியாகப் போய் உட்கார்ந்தது. கையை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே இருந்தாள். இரும்பு பனியில் சில்லென்று இருந்தது.

பிறகு தன் வண்டியின் பின் ஏணியில் ஏறினாள். அவளே போட்ட முடிச்சுகள். பயணத்தின் தூசி ஏறி இறுகியிருந்தன. நகம் பெயரப் பிரித்தாள். சக்கரத்தைக் கயிற்றிலேயே தொங்கவிட்டு, மெல்ல மெல்ல, வயிற்றோடு அணைத்து இறக்கினாள். அப்பாவை நாற்காலியிலிருந்து இறக்கும்போது பிடிக்கும் அதே பிடி. தரையைத் தொட்டபோது ஒரு சின்ன சத்தம் வந்தது. நின்றாள். கம்பளி அசையவில்லை.

உருட்டிக்கொண்டு போய் முன் பம்பரில் சாய்த்து வைத்தாள். அது சரிந்துவிடாமல் இருக்க ஒரு கல்லை அடியில் முட்டுக்கொடுத்தாள். ரிம்மில் படிந்திருந்த தூசியைச் சட்டையின் முனையால் துடைத்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து, பிரேக்கை விடுவித்தாள். மீதி இறக்கத்திலும் வண்டி சத்தமில்லாமல் உருண்டது. வெகுதூரம் தள்ளி, வேறொரு ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் போன பிறகுதான் சாவியைத் திருகினாள்.

டெஸ் தொப்பியை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி வரிப்பள்ளங்களில் ஏறி இறங்கியது. அவர் தலையைச் சற்றுச் சாய்த்து மேலே எதையோ எதிர்பார்ப்பது போலக் கேட்டார். பிறகு சாய்ந்துகொண்டார்.

“தேத்தண்ணி எங்க போடறது?” என்றார்.

“இன்னும் கொஞ்சம் போகலாம் அங்கிள்.”

இறுக்கிக் கட்டாமல் விட்ட கயிற்றின் நுனி ஒன்று பின்சீட்டு ஜன்னலில் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தது. அவள் வண்டியை நிறுத்தி அதைக் கட்டவில்லை.